தோளுக்குள் போன கேமரா

அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'நடிகை' என்று பட்டம் கட்டியவர் சூப்பர்வைசர். பத்தொன்பது வருஷமாக ஈர விரிப்புகளை மெஷினிலிருந்து உருவி, தலைக்கு மேல் ஓடும் கம்பியில் வீசிய கை அவளுடையது. தோள் வலிக்கிறது என்று முதல் தடவையாக லீவு கேட்டபோது, அந்த மகராசன் நாற்பது பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"எங்க, கையைத் தூக்கு பார்ப்போம்!"

பாதிக்கு மேல் எழவில்லை. அவரே முழங்கையைப் பிடித்து ஒரே மூச்சில் தூக்கிவிட்டார். உள்ளே ஏதோ பட்டென்று விட்டது. அவள் அலறினாள்.

"என்னமா நடிக்கிறா பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். வயிற்றுப்பாட்டுக்காகச் சிரித்தவர்களை அவள் மன்னித்துவிட்டாள். அவரை மன்னிக்கவில்லை.

டாக்டர் அவளுடைய வலது தோளில் மூன்று சின்னத் துளைகள் போட்டார். ஒன்றில் பென்சில் கனத்துக்குக் கேமராவை விட்டு, கிழிந்த தசைநாரை எலும்போடு சேர்த்துத் தைத்தார். ஆறு வாரம் கை, கழுத்தில் மாட்டிய பட்டையில் தொங்கியது. தலை வாரிவிடக்கூடத் தங்கச்சி வேண்டும். வலியைவிட அதுதான் அவளுக்கு எரிச்சல்.

"ஆபரேஷன் பூரா ரெக்கார்ட் ஆயிருக்கும்மா" என்றார் டாக்டர், பட்டையைக் கழற்றிய அன்று.

"எனக்கு ஒரு காப்பி வேணும் டாக்டர்."

"எதுக்கு? பார்த்தா பயந்துடுவீங்க."

"நான் பார்க்கிறதுக்கு இல்ல."

"விட்டுத் தொலையேன்க்கா, வேலை போயிடும்" என்று வீட்டில் தங்கச்சி கெஞ்சினாள்.

"போகட்டும். அந்தாளைச் சும்மா விட்டா எனக்குச் சாப்பாடு தொண்டையில இறங்காது."

மறுநாள் மத்தியானம், சலவைக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் எல்லோரும் இருக்கும்போது போனாள். டிவி கூரையை ஒட்டி மாட்டியிருந்தது; ரிமோட் தொலைந்து வருஷக்கணக்காகிறது. சலவை மெஷின் ஓட்டும் மெஷின்காரர் பெஞ்சில் ஏறி, டாக்டரிடம் வாங்கிய காப்பி இருந்த பென் டிரைவைச் செருகினார்.

திரையில் வெள்ளை நார் ஒன்று கந்தலாகத் தொங்கியது. டாக்டரின் குரல் கேட்டது: "இந்த ஓரம் நைஞ்சிருக்கு, இது பழசு. இது புதுக் கிழிசல். யாரோ கையைப் பிடிச்சுத் தூக்கினப்ப விட்டதுன்னு சொன்னாங்களே, அது."

ஒருவரும் சாப்பிடவில்லை. சூப்பர்வைசர் மெஷின்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"அணைச்சுத் தொலை அதை!"

"என்னால கை தூக்க முடியாது சார்" என்றாள். "நீங்கதான் நல்லா தூக்குவீங்களே. எங்க, தூக்குங்க பார்ப்போம்!"

பெஞ்சை விட்டு ஒருத்தரும் எழவில்லை. அவரே டிவியை அணைக்கக் கையைத் தூக்கினார். எட்டவில்லை. எக்கினார், ஒரு குதி குதித்தார். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

அன்று அவள் இடது கையால் இரண்டு தட்டுச் சாப்பாடு சாப்பிட்டாள்.