கார்த்திகேசன் சொன்ன சரி

சிந்துபூந்துறையில் எங்களுக்கு அடுத்த வீடு கார்த்திகேசன் அண்ணாச்சியுடையது. பாளையங்கோட்டை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் வந்த சினிமாப்பாட்டு இசைத்தட்டுகளைச் சேர்ப்பதுதான் அவருக்கு உலகம். கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் போட்டவர்கள் கேசட் வந்ததும் மூட்டை கட்டி மூலையில் எறிந்த தட்டுகளை, அம்பாசமுத்திரம் வரைக்கும் அலைந்து பொறுக்கி வந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களையெல்லாம் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவார். பகிர்ந்துகொள்கிறாராம்! கேட்கலாம், தொடக்கூடாது. தட்டு வைக்கும் அட்டையைக்கூட அவர் பிடித்துக்கொள்வார். நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கவேண்டும். மேலப்பாளையத்திலிருந்து வரும் நூர்முகம்மது ஒரே ஒரு தட்டை ஒருநாள் இரவல் தரும்படி வருஷக்கணக்காகக் கெஞ்சினார். அது அண்ணாச்சி முதல் சம்பளத்தில் வாங்கிய தட்டு. உயிரைக் கேட்டிருந்தாலாவது யோசித்திருப்பார்.

அவர் மனைவி சித்ரலேகா காப்பி கொண்டுவந்து வைப்பார். டம்ளர் கொஞ்சம் சத்தமாக உட்கார்ந்தால் அண்ணாச்சி எங்கள் முன்னாலேயே முறைப்பார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் வெள்ளத்தில் ஆறு எங்கள் தெருவுக்குள் வந்தது. சித்ரலேகா அப்போது காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். அண்ணாச்சி தட்டுகளை அடுக்கடுக்காக மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் கட்டிலைத் தொட்டது, ஏற்றினார். அந்த அம்மாளின் மடியைத் தொட்டது, அப்போதும் ஏற்றினார். கூப்பாடு கேட்டு நானும் என் தம்பியும் போனபோது தண்ணீர் மார்பளவுக்கு வந்திருந்தது. நாங்கள்தான் தூக்கினோம். மாடிப்படியில் நனைந்த சேலையோடு நடுங்கிக்கொண்டே அவர் புருஷனைக் கேட்டார்.

"வாராவாரம் நீங்கதான தட்டைத் தண்ணியில போட்டுக் கழுவுதிய. நனைஞ்சா அதுக்கு என்ன ஆயிரும்?"

"அட்டை கெட்டுப்போகும்லா" என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மாள் முந்தானையைப் பிழிந்துவிட்டுக்கொண்டார். எனக்குத்தான் அந்த ஆளை ஆற்றிலேயே தள்ளிவிடலாமா என்று வந்தது.

போன வருஷம் அண்ணாச்சிக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. எல்லாம் அவருக்குப் புரிகிறது, ஆனால் வாயில் மிச்சம் நின்றது ஒரே ஒரு சொல். சரி. தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, வலிக்கிறதென்றாலும் சரி, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாலும் சரிதான் வரும். சிலருக்கு இப்படி ஒரு சொல் தங்கிவிடும் என்றார் டாக்டர்.

சித்ரலேகா அவரைக் கவனித்துக்கொள்வதில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, நேரத்துக்கு மாத்திரை கொடுத்துவிடுவார். ஆனால் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கட்டில் பக்கத்தில் குனிந்து, இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே, ஒரு தட்டு கொடுக்கட்டுமா என்று சிரித்த முகத்தோடு கேட்பார். அண்ணாச்சி கண்ணை உருட்டி, உடம்பை முறுக்கி, இல்லை இல்லை என்று தலையை ஆட்டி, கடைசியில் சொல்வார், சரி. தலையாட்டுவது சும்மா நடுக்கம் என்று வந்தவர்களுக்கு விளக்கம் வேறு. தட்டைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டு, காலி அட்டையை அவர் கண்ணெதிரே அலமாரியில் பழையபடி வைப்பார்.

நோய் வந்த பிறகு மனுஷனுக்கு என்ன தாராளம் என்று தெருவெல்லாம் பேச்சு. நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன். என் வீட்டில் பிளேயர் கிடையாது.

கடைசியில் அந்த முதல் சம்பளத்துத் தட்டு ஒன்றுதான் மிஞ்சியது. சித்ரலேகாவே போன் போட்டு நூர்முகம்மதுவை வரச்சொன்னார். அன்று காலை நானும் அங்கே இருந்தேன். கேள்வி வந்தது. அண்ணாச்சி உதட்டை இறுக மூடிக்கொண்டார். அந்த ஒரு வழி பாக்கி இருப்பதை எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார்.

சித்ரலேகா அவசரப்படவில்லை. நூர்முகம்மதுவுக்குக் காப்பி கொடுத்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்குக் கொடுக்கிற கஞ்சியைக் கொடுக்கவில்லை. மத்தியானம் தாண்டியது. அண்ணாச்சி சர்க்கரை வியாதிக்காரர், கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. என்னால் பார்க்க முடியவில்லை. ஏதாவது கொடுங்க மதினி என்றேன்.

அவர் எழுந்துபோய்ச் சோற்றில் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிப் பிசைந்து கிண்ணத்தில் கொண்டுவந்தார். வாசம் அறை முழுக்கப் பரவியது.

"பசிக்குதா? ஊட்டட்டுமா?"

அண்ணாச்சி கண்ணை மூடினார்.

"சரி."

சித்ரலேகா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டை எடுத்து நூர்முகம்மதுவிடம் நீட்டினார்.

"அண்ணாச்சி சோத்துக்குத்தான சரின்னாவ" என்றார் நூர்முகம்மது.

"சந்தேகமிருந்தா அவரையே கேளுங்க."

நூர்முகம்மது கேட்கவில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கட்டில் பக்கம் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

சித்ரலேகா முந்தானையால் அண்ணாச்சியின் கண்ணைத் துடைத்தார். பிறகு முதல் உருண்டையை உருட்டி நீட்டினார். அண்ணாச்சி வாயைத் திறந்தார்.