மூணு மார்க் படம்

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். புத்தாண்டு அன்று மத்தியானம் நீங்கள் போனை வைத்துக்கொண்டு, போன வருஷம் பார்த்த படங்களுக்கு வரிசை போட்டுக்கொண்டிருந்தீர்கள். டிரெய்லர் பார்த்தபோது எவ்வளவு எதிர்பார்த்தோம், படம் பார்த்தபிறகு எவ்வளவு தேறியது என்று பத்துக்கு மார்க். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டுகூட இருந்தேன். அப்புறம் தம்பி, நீதான் கேட்டாய்: "இப்ப வீட்டு ஆளுங்களுக்குப் போடலாம்ப்பா. முதல்ல பாப்பா. பாப்பாகிட்ட நீங்க எவ்ளோ எதிர்பார்த்தீங்க, பத்துக்குச் சொல்லுங்க."

நான் கத்திவிட்டேன். சாப்பிட்ட தட்டை அப்படியே தரையில் போட்டேன். உங்கள் அம்மா ஓடி வந்தாள். நீ பயந்துபோய், "சும்மா விளையாட்டுக்குத்தானேப்பா" என்றாய். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபம் உன்மேல் இல்லை. யார்மேல் என்று சொல்கிறேன்.

அப்போது நாங்கள் பொழிச்சலூரில் இருந்தோம். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அக்கா, அதாவது உங்கள் அத்தை, அந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கீழ்க்கட்டளையில் ஒண்டியாகக் குடியிருந்தார். கிண்டிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. ஆனால் அவரைக் கேட்டால் தன் வேலை சினிமா பார்ப்பது என்றுதான் சொல்வார். பட்டறைக்குப் போவதெல்லாம் டிக்கெட் காசுக்காக. எந்தப் பெரிய படம் வந்தாலும் லீவு போட்டுவிட்டு விடியற்காலையிலேயே தியேட்டர் வாசலில் போய் நின்றுவிடுவார். எங்கள் எல்லாருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிக்கொண்டு, உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி பைக்கில் வந்து இறங்குவார். அவரைப் போல ஓர் ஆள் யாருக்கு வாய்க்கும் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

மார்க் போடும் பழக்கம் அவர் கொண்டுவந்ததுதான். தியேட்டர் வாசலில் டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் எதிர்பார்ப்பு மார்க்கைச் சொல்லிவிட வேண்டும். வெளியே வந்ததும் படத்துக்கு மார்க். எல்லாவற்றையும் மாமா பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிவைப்பார். வருஷம் முடிந்து ஜனவரி முதல் தேதி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து வரிசை போடுவோம். நல்ல படத்துக்கு முதல் இடம் கிடையாது. எதிர்பார்த்ததைவிட எது அதிகமாகக் கொடுத்ததோ அதற்குத்தான் முதல் இடம்.

"பெரிய படம் நல்லா இருந்தா அதுல இன்னாடா பெருமை?" என்பார் மாமா. "ஒண்ணுமே இல்லைனு நெனச்சிகினு உள்ள போறோம் பாரு, அது தூக்கி அடிக்கணும். அதான் படம்."

இதில் அவர் ஒரு தில்லுமுல்லும் செய்வார். தனக்குப் பிடிக்கும் என்று தெரிந்த படத்துக்கு வாசலில் நின்று சத்தமாக, "இது ஊத்திக்கும், ஒரு மார்க்" என்பார். வெளியே வந்ததும் ஒன்பது. அந்தப் படம் வருஷக் கடைசியில் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். மதிப்பைக் குறைத்துப் போட்டால் எதை வேண்டுமானாலும் ஜெயிக்கவைக்கலாம் என்று நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்றும் நினைத்தேன்.

அந்த வருஷம் மே மாதக் கடைசியில் ஒரு பெரிய படம் வந்தது. ஊரே அதற்காகக் காத்துக்கிடந்தது. எதிர்பார்ப்பு மார்க் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பத்து. படம் படுமோசம். கதாநாயகன் ஹெலிகாப்டரில் வருவதும் போவதுமாக இருந்தான், அவ்வளவுதான். மாமாவே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூன்று மார்க் போட்டார். அதே வருஷம் வேறொரு படத்துக்கு டிக்கெட் கிடைக்காமல், பக்கத்துத் தியேட்டரில் தெரிந்த முகமே இல்லாத ஒரு படத்துக்குப் போனோம். ஒரு கல்யாணத்துக்குச் சமைக்க வந்த ஆட்கள் வெள்ளத்தில் மாட்டிக்கொள்கிற கதை. எதிர்பார்ப்பு இரண்டு. வெளியே வரும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கிடைத்தது எட்டு.

அதனால் அந்த ஜனவரி முதல் தேதி வரிசை போடுவதில் சண்டையே வரவில்லை. சமையல்காரர் படம் முதல், ஹெலிகாப்டர் படம் கடைசி. சீக்கிரமே முடிந்துவிட்டது. மாமாவுக்கு அது போதவில்லை.

"இன்னா இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சிட்ச்சி? மச்சான், இப்போ நம்ம வூட்டு ஆளுங்களுக்குப் போடலாம். வருஷ ஆரம்பத்துல யார்கிட்ட எவ்ளோ எதிர்பார்த்தீங்க, சொல்லுங்க. ஜெயிக்கிறவங்களுக்கு பொங்கல் படத்துக்கு மொத நாள் மொத ஷோ டிக்கெட். நான் லைன்ல நின்னு வாங்கியாறேன்."

அப்பா சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்கு வயிறு நிறைந்திருந்தது, நல்ல மனநிலையில் இருந்தார்.

"சின்னவன்கிட்ட ஒன்பது எதிர்பார்த்தேன்" என்றார்.

"வந்தது?"

"நாலு. கணக்குல பாதிகூட எடுக்கல கழுத."

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "பெரிய பட்ஜெட் படம்டா நீ! மொத நாளே ஊத்திக்கினே!"

எனக்கு அழுகை முட்டியது. "பெரியவளுக்கு?" என்று மாமா கேட்டார்.

"ரெண்டு" என்றார் அப்பா. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

அம்மாதான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டே, "ஏங்க, ரெண்டு ரொம்பக் கம்மிங்க. மூணாவது போடுங்க" என்றாள். இன்றைக்கு இதை எழுதும்போது எனக்கு அந்த இரண்டைவிட இந்த மூன்றுதான் அதிகமாக எரிகிறது.

"ரெண்டே இருக்கட்டும்க்கா, அப்போதான் ஆட்டம்" என்றார் மாமா. "வந்தது? பத்து! ஸ்கூல்லயே மொத மார்க்! எட்டு மார்க் ஜம்ப்பு! சமையல்காரன் படத்தையே தூக்கிச் சாப்ட்டா பாரு. வருஷத்தோட சூப்பர் ஹிட் நம்ம வூட்லதான் கீது!" விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். அப்பா கை தட்டினார். நானும் தட்டினேன், எல்லாரும் தட்டியதால்.

அக்கா தட்டவில்லை. அவள் அப்போது தாம்பரம் சானடோரியத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளியில் முதலாக வந்தவள் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அது ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

"ரெண்டு ஏம்ப்பா?" என்று கேட்டாள்.

"சும்மா விளையாட்டுக்கும்மா."

"இல்லப்பா, சொல்லுங்க. ரெண்டு ஏன்?"

"நீ பாஸ் பண்ணா போதும்னு நெனச்சேன். நீ இவ்ளோ எடுப்பேன்னு யாருக்குத் தெரியும்?"

"அதனாலதான் ஃபார்ம் வாங்கலையா?"

இதற்கு முன்னால் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் ஒரு காலேஜில் சேர வேண்டும் என்று அக்கா பரீட்சை முடிந்த நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம் என்றார் அப்பா. ரிசல்ட் வந்தது. விண்ணப்பம் வாங்க அந்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். நானே போய் வாங்கிக்கொள்கிறேன் என்றாள் அக்கா. தனியாகப் போக வேண்டாம், மாமா வாங்கிக்கொண்டு வருவான் என்றார்கள். மாமாவும் தலையை ஆட்டினார். அந்த வெள்ளிக்கிழமைதான் ஹெலிகாப்டர் படம் வந்தது. மாமா லீவு போட்டார், விடியற்காலையில் வரிசையில் நின்றார், அத்தனை பேருக்கும் டிக்கெட்டோடு வந்து இறங்கினார். ஃபார்ம் எங்கே என்று அக்கா கேட்டபோது, நாளைக்கு வாங்கிக்கலாம்மா என்று சொல்லிவிட்டு எங்களைக் கிளம்பச் சொன்னார். அக்காவும் வந்தாள். எங்களோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தாள். மறுநாள் மாமா போனபோது விண்ணப்பம் கொடுக்கும் ஜன்னலை மூடிவிட்டிருந்தார்கள்.

"விடிகாலையில போய் நின்னீங்களே மாமா" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "மூணு மார்க் படம் அது. மூணு மார்க் படத்துக்கு நின்னீங்க. எனக்கு ஒரு ஃபார்முக்கு நிக்க முடியல."

"தோ பாரு, நல்ல நாளும் அதுவுமா பேஜார் பண்ணாத. மூணு மார்க்னு உள்ள போறதுக்கு முன்னாடி யாருக்குத் தெரியும்? பத்துன்னுதானே போனோம்?"

"அதைத்தான் மாமா நானும் சொல்றேன். அதுமேல பத்து வெச்சிருந்தீங்க, நின்னீங்க. என்மேல ரெண்டு."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்ப என்னா ஆச்சு? ஃபர்ஸ்ட் வந்துட்டேன்னு எல்லாரும் கை தட்டினா எதுக்குடி மூஞ்சியைத் தூக்கிக்கிற?"

"எனக்கு ஃபர்ஸ்ட் வேணாம்ப்பா" என்றாள் அக்கா. என்னைக் கையால் காட்டினாள். "இவனுக்குப் போட்டீங்க இல்ல ஒன்பது, அந்த ஒன்பதை எனக்குப் போடுங்க. நான் கடைசியா வந்துட்டுப் போறேன்."

அக்கா எழுந்து அம்மாவின் கையிலிருந்த பாத்திரங்களை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். மாமா காலண்டர் அட்டையைக் கவிழ்த்துவைத்தார். "விடுங்க மச்சான், சின்னப் பொண்ணு" என்றார்.

அப்பா இருக்கும்வரை அவரிடம் இதைப் பற்றி நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். மாமா இன்றைக்கும் இருக்கிறார். எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும், "உங்க அக்காவுக்கு அப்பவே மொத எடம் குட்த்தவன் நானு" என்று நான்கு பேர் முன்னால் சொல்லிச் சிரிக்கிறார். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறேன். அக்காவை அடுத்த வருஷம் காலேஜில் சேர்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் அந்தப் பணத்தை என் கணக்கு டியூஷனுக்குக் கட்டினார்கள். அதற்கடுத்த வருஷமும் எனக்குத்தான் கட்டினார்கள். ஒன்பது எதிர்பார்த்த பிள்ளை பத்தாவதில் தட்டுத்தடுமாறி ஐ.டி.ஐ.யில் சேர்ந்தபோதும், "பரவாயில்ல, அவன் முன்னுக்கு வந்துடுவான்" என்று இன்னொரு ஒன்பதைத் தூக்கிக் கொடுத்தார் அப்பா. நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போனேன், அதற்கும் ஒரு ஒன்பது வைத்திருந்தார். அக்கா கம்பெனிக்குப் போய்க்கொண்டே அஞ்சல்வழியில் பி.காம். முடித்தாள். அதற்கும் எங்கள் வீட்டில் ஆச்சரியம்தான் பட்டார்கள். எத்தனை முறை ஜெயித்தாலும் அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்களே தவிர, அடுத்த முறைக்கென்று ஒரு மார்க்கைக்கூட ஏற்றிப் போடவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே புரிந்தது? கடைசியாக வந்துவிட்டோமே என்கிற அவமானத்தில் இருந்தேன் நான். அக்கா அந்தக் கடைசி இடத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. நான் அழுவதைப் பார்க்க முடியாமல் என் தோல்வியை அவள் எடுத்துக்கொண்டாள், அவளுடைய முதல் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள் என்று நினைத்தேன். இப்படி ஓர் அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று உருகிப்போனேன். பதிலுக்கு அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். பல்லாவரம் வரைக்கும் பஸ், அங்கிருந்து தாம்பரத்துக்கு ரயில். தனியாக எங்கே போகிறாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை. காலேஜ் வாசலில் வாட்ச்மேன் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனால் ஆபீசுக்கு வெளியே ஃபார்ம் கொடுக்கிற அந்த ஜன்னல் இருந்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்த முன்னால் இரும்புக் கம்பிகள் நட்டிருந்தார்கள். ஜன்னல் மூடியிருந்தது. ஒருவரும் இல்லை. அது இனி மே மாதம்தான் திறக்கும் என்று எனக்குத் தெரியாது. நாம் சீக்கிரமே வந்துவிட்டோம், நாம்தான் முதல் ஆள் என்று சந்தோஷப்பட்டு, கம்பிகளுக்கு நடுவே போய் ஜன்னலைப் பார்த்தபடி நின்றேன்.