பேச்சு மாறிய பூ

என் அப்பாவுக்குச் சாமி உண்டு. தாய்மாமாவுக்குக் கிடையாது. இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தால் சோறு ஆறிப்போகும்வரை இதே வழக்குதான். "சாமி இருக்குங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?" என்பார் கருப்புச் சட்டை மாமா. அப்பா எங்கள் தோட்டத்துக் கிணற்றைக் காட்டுவார். சுற்றுவட்டாரத்தில் வெட்டிய இடமெல்லாம் பாறை தட்டியபோது, எங்கள் கிணற்றில் மட்டும் ஊற்று பீறிட்டது. அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்து, உத்தரவு கேட்டு வெட்டிய கிணறு அது. "தண்ணி எங்க வெட்டுனாலும் வரும் அத்தான்" என்று மாமா எழுந்துவிடுவார்.

பூக்கட்டுவதென்றால், செவ்வரளி ஒன்றையும் வெள்ளரளி ஒன்றையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார். சிவப்பு வந்தால் செய்யலாம். வெள்ளை வந்தால் கூடாது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். எங்கள் ஊரில் அதுவரை தேறிய பெண் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு இன்றைக்கும் உண்டு. புதுக்கோட்டையில் டீச்சர் ட்ரெயினிங் சேர வேண்டும், விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். "சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்" என்றார். வெள்ளிக்கிழமை அப்பா, மாமா, நான் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். வெள்ளைதான் வந்தது.

என் மார்க்கெல்லாம் எழுதியிருந்த விண்ணப்பத்தை அப்பா மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இனிமேல் கல்யாணப் பேச்சுதான், சந்தேகமே இல்லை. அப்போது மாமா, சாமியே இல்லை என்கிற அதே மாமா, என் காதருகே குனிந்தார்.

"இன்னொருக்க கட்டச் சொல்லு ஆத்தா. ஒரு தடவ இல்லாட்டி ஒரு தடவ செவப்பு வந்துதான ஆகணும்."

அழுகை போய்க் கோபம் வந்தது. கிணற்றுக்கும் அப்படித்தானே நடந்தது! முதல் வாரம் வெள்ளை, மறு வாரமும் வெள்ளை, மூன்றாம் வாரம்தான் சிவப்பு. முதல் இரண்டைப் பற்றி அப்பா மூச்சே விட்டதில்லை. மாமாவும் கேட்டதில்லை.

"கட்ட வேணாம்" என்றேன். ஊரில் வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை எதுவானாலும் தீர்ப்புச் சொல்வது அப்பாதான். அந்த இடத்தில் பிடித்தேன். "அப்பா, பஞ்சாயத்துல ஒருத்தன் ரெண்டு தடவ இல்லேன்னு சொல்லிட்டு மூணாந்தடவ ஆமான்னு சொன்னா, அந்தச் சாட்சிய ஏத்துக்குவீங்களா?"

"மாட்டேன்." பழக்கதோஷத்தில் சட்டென்று சொல்லிவிட்டார்.

"கெணத்துக்குப் பூவு அப்பிடித்தானப்பா சொல்லுச்சு?"

பூசாரி திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். மாமா சிரித்தார். அவரைச் சும்மா விட எனக்கு மனசு வரவில்லை.

"நீங்க சிரிக்காதீங்க மாமா. தண்ணி வந்தப்ப எங்க வெட்டுனாலும் வரும்னீங்க. வராமப் போயிருந்தா, பாத்தீங்களா சாமி இல்லேன்னுருப்பீங்க. எது நடந்தாலும் ஒங்க பக்கந்தான்னா அதுக்குப் பேரு அத்தாட்சியா?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சாமி இல்லேங்கிறியா?" குரல் தணிந்துபோயிருந்தது. உண்மையிலேயே பயந்துவிட்டார், பாவம்.

"அத நான் சொல்லலப்பா. இந்த எலைப் பொட்டலம் சாமிக்கும் சாட்சி இல்ல, என் படிப்புக்கும் சாட்சி இல்லங்கிறேன். என் படிப்புக்குச் சாட்சி என் மார்க்கு. அது ஒங்க பையிலதான் இருக்கு."

அப்பா மாமாவிடம் பேனா வாங்கி, கோயில் வாசலில் நின்ற மண் குதிரையின் பீடத்தில் விண்ணப்பத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்தக் குதிரையில் என்னை ஏற்றி ஊர்வலம் விட்டாலும் தகும் என்றிருந்தது எனக்கு.

திரும்பும்போது மாமா, "அப்ப ஒருவழியா ஒத்துக்கிட்டீங்க, சாமி இல்லேன்னு" என்றார்.

"அதுக்கும் சாட்சி வேணும் மாப்ள" என்றார் அப்பா.

அய்யனாரைக் கும்பிடுவதை அவர் கடைசிவரை விடவில்லை. ஆனால் நான் டீச்சராகி இரண்டு வருஷம் கழித்து ஒரு வரன் வந்தது. பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று அம்மா இலையோடு கிளம்பி நின்றார். அப்பா தடுத்தார்.

"பூவ எதுக்குக் கேக்கணும்? அவளக் கேளு."

கேட்டார்கள். வேண்டாம் என்றேன். மறுபேச்சு இல்லை.