மேனேஜரின் ஐந்து பட்டன்கள்

என் மனைவி கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்கு வயது முப்பத்தாறு. முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். இவள் என்ன செய்வதென்று தெரியாமல் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, நேரே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அன்று விழுந்த டீச்சரம்மா என்ற பெயர் நாலு வருஷமும் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன் பதினைந்து வருஷம் ஒரு துணிக்கடையின் பின்னறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைத் தளர்த்துவது, ஜிப் மாற்றுவது. வாடிக்கையாளர் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். கை அப்படி ஒரு வேகம். எங்கள் மகனுக்கு நாலு வயதில் பென்சில் பிடிக்க வரவில்லை என்று ஆறு மாதம் ஒரு தெரபிஸ்ட்டிடம் கூட்டிப்போனோம். கதவிடுக்கு வழியாக இவள் உள்ளே பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒருநாள் திரும்பி வரும்போது பஸ்ஸில், "என்னங்க, இதை நான் படிக்கப் போறேன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். நான் எலக்ட்ரீஷியன். ஒயரைத் தப்பாகத் தொட்டால் அந்த நொடியே தெரிந்துவிடும். இந்தத் தப்பு எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் அவள் என்னோடு பேசவில்லை.

ஆக்குபேஷனல் தெரபி என்று அந்தப் படிப்புக்குப் பெயர். உடம்பு ஒத்துழைக்காதவர்கள் தங்கள் அன்றாட வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளப் பழக்குவது. குழந்தைகள் என்றால் சாப்பிடுவது, சட்டை போடுவது, எழுதுவது, விளையாடுவது. கடைசி வருஷத்தில் நாலு மாதம் ஒரு குழந்தைகள் மையத்தில் பயிற்சி. ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் அந்த மையம். இரண்டு அறைகள், தரை முழுக்க ஸ்பாஞ்ச் மெத்தை, உத்தரத்திலிருந்து தொங்கும் ஊஞ்சல், கைவிட்டுத் துழாவ ஒரு தொட்டி நிறையப் பயறு, பிளாஸ்டிக் பந்துகள் நிரம்பிய ஒரு குழி. மாலையில் பார்த்தால் இவள் கைப்பையில் நாலு பயறாவது கிடக்கும்.

அங்கே இவளை மேற்பார்வை பார்த்தவருக்கு வயது இருபத்தாறு. அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை மேடம் என்பாள். முதல் வாரத்தில் குழந்தைகளைக் கூட்டிவந்த அம்மாக்கள் எல்லாரும் இவளிடம் வந்து ஆலோசனை கேட்டுவிட்டு, "அந்தச் சின்னப் பொண்ணு நல்லா வேலை கத்துக்கிறாளா?" என்று மேடத்தைக் காட்டி விசாரித்தார்களாம்.

மேடம் இவளிடம் ஒப்படைத்த முதல் குழந்தைதான் மேனேஜர். ஆறு வயதுப் பெண். பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போதாமல் போனதில் இடது கை பலமில்லை. விரல்கள் மடங்கியே இருக்கும், சொன்ன பேச்சு கேட்காது. அதை ஈடுகட்டுவதுபோல வாய் நன்றாக வேலை செய்தது. உள்ளே நுழைந்ததும் யார் எங்கே உட்கார வேண்டும், எந்த விளையாட்டு முதலில், ஃபேன் எத்தனையில் ஓட வேண்டும் என்று உத்தரவு போடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். இரண்டு மாதத்தில் அவளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. வெள்ளைச் சட்டை, ஐந்து பட்டன். விளையாட்டு வகுப்பன்று பள்ளியிலேயே சட்டை மாற்ற வேண்டும். வேறு யாராவது போட்டுவிட்டால் பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் என்று மேனேஜர் வீட்டில் அறிவித்துவிட்டாள். அவள் அம்மா கேட்டது அந்த ஒன்றை மட்டும்தான்.

பலமில்லாத கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும், நல்ல கை அப்புறம். பட்டனைக் கீழேயிருந்து தொடங்க வேண்டும், அதுதான் கண்ணுக்குத் தெரியும். இடது கை துணியைப் பிடிக்க, வலது கை பட்டனைத் தள்ள வேண்டும். இதெல்லாம் இவளுக்குப் பாடமாகத் தெரியும். ஆனால் குழந்தை துணியைப் பிடிக்கத் திணறுவதைப் பார்த்ததும் இவள் கை தானாகப் போய் அந்தத் துணியைப் பிடித்துக்கொள்ளும். பட்டன் துளையின் விளிம்பில் தவித்தால் ஒரு சின்னத் தட்டு. அவ்வளவுதான், பட்டன் உள்ளே.

நாலாவது வாரம் மேடம் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அவ போட வேண்டிய பட்டனை நீங்க போட்டுடறீங்க. முக்கால் மணி நேரத்துல யார் கை வேலை செஞ்சுதுன்னு பாத்தா, உங்க கைதான்."

மறுநாள் காலையில் இவள் இதை என்னிடம் சொன்னபோது மகனுக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு எட்டு வயது முடிந்திருந்தது. பாதி முடிச்சில் கை நின்றது. அவன் ஒரு காலை நீட்டியபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். இவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க அவன் பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் கேட்காமல் மேனேஜரின் அளவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்தாள். முன்பக்கம் ஐந்து பட்டன் வரிசையாக இருக்கும், ஆனால் அத்தனையும் அலங்காரம். உள்ளே வெல்க்ரோ. ஒரு முறை தடவினால் ஒட்டிக்கொள்ளும். நானே போய் அந்த வெல்க்ரோவை வாங்கி வந்தேன், அதனால் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

திங்கட்கிழமை மேனேஜர் அந்தச் சட்டையை மூன்றே நிமிடத்தில் போட்டுக்கொண்டாள். அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, கழற்றுவதற்காக ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம்.

"சட்டை ஏன் கத்துது?"

மேனேஜர் ஒரு பட்டனைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், அடுத்ததையும் பார்த்தாள்.

"இதெல்லாம் சும்மா பட்டனா?"

"ஆமாடா, சும்மாதான்."

குழந்தை சட்டையைக் கழற்றி, நடந்து போய்ப் பந்துக்குழிக்குள் போட்டுவிட்டு வந்தாள். அழவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வகுப்புகள் இவளோடு பேச்சே இல்லை. அறைக்கோடியில் இருந்த நாற்காலியைக் காட்டி அங்கே உட்காரும்படி உத்தரவு. மேடத்தோடு மட்டும்தான் விளையாட்டு. இவள் முக்கால் மணி நேரம் அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தாள்.

வேறு வேலை இல்லாததால் நன்றாகப் பார்த்தாள். மேனேஜர் எங்கே சிக்குகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. துணியை எப்படியோ பிடித்துவிடுகிறாள். பட்டன் துணியோடு ஒட்டிக்கிடப்பதால் விரல்நுனிக்குச் சிக்குவதில்லை. புதுத்துணியின் மொடமொடப்பு வேறு. பதினைந்து வருஷம் பட்டன் தைத்தவளுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். தன் கையே முந்திக்கொண்டதால் கண்ணுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது என்று என்னிடம் சொன்னாள்.

இந்தத் தடவை மேடத்திடம் கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுத்தாள். சாதாரணக் கடைச் சட்டை ஒன்றை மூன்று முறை துவைத்து மெதுவாக்கினாள். பட்டன்களைப் பிரித்து, நூலைக் கொஞ்சம் நீளமாக விட்டு, அந்த நூலையே சுற்றிக் கழுத்துப்போல இறுக்கித் திரும்பத் தைத்தாள். இப்போது ஒவ்வொரு பட்டனும் துணியைவிட்டு எழும்பி நின்றது. துளைகளையும் ஒரு நூல் அகலம் பெரிதாக்கினாள்.

மறுநாள் மேனேஜர் அந்தச் சட்டையை வாங்கி முதலில் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு பட்டனாகச் சோதித்தாள்.

"எல்லார் சட்டையும் இப்படித்தான் இருக்குமா?"

பொய் சொன்னால் மறுபடியும் நாற்காலிதான் என்று இவளுக்குத் தெரியும். அதற்காக மட்டும் இல்லை, இந்தக் குழந்தையிடம் பொய் சொல்ல இனி வாய் வராது.

"இல்லடா. உனக்காகக் கொஞ்சம் மாத்தித் தைச்சேன். ஆனா பட்டன் நிஜம். நீ போட்டாத்தான் உள்ள போகும்."

மேனேஜர் யோசித்தாள். "சரி, பாப்போம்" என்றாள், விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் தோரணையில்.

அன்று முதலாவது பட்டனுக்கே ஒன்பது நிமிடம் ஆனது. இவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பட்டன் ஒரு முறை பாதி நுழைந்து வெளியே வந்தபோது தன் கை துடித்ததாகச் சொன்னாள். ஒன்பதாவது நிமிடம் அது உள்ளே போனதும் மேனேஜர் கை தட்டச் சொல்லவில்லை. அடுத்த பட்டனைப் பிடித்தாள். இவளுக்குத்தான் கை மரத்துப்போய், தட்டச் சொல்லியிருந்தாலும் தட்டியிருக்க முடியாது.

பள்ளி திறக்கும்போது கீழேயிருந்து நாலு பட்டன்கள் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டன. கழுத்துப் பட்டன் மட்டும் கடைசிவரை வரவில்லை. அதைப் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று மேனேஜரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். முதல் விளையாட்டு வகுப்பன்று மாலை அவள் அம்மா போன் செய்தார். எல்லாரும் மைதானத்துக்குப் போன பிறகு கடைசியாகப் போய்ச் சேர்ந்தாளாம். பட்டன்கள் ஒரு துளை தள்ளி மாறியிருந்தனவாம். ஆசிரியை சரிசெய்ய வந்தபோது, நாளைக்குத் தானே சரியாகப் போட்டுக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டாளாம். இவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

பயிற்சியின் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மேனேஜர் தன் வகுப்பு முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, திங்கட்கிழமையிலிருந்து தான் வரப்போவதில்லை என்று இவள் சொன்னாள்.

"அப்ப யாரு வருவாங்க?"

"புதுசா ஒரு அக்கா. படிச்சுட்டிருக்கறவங்கதான்."

"அவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"கொஞ்சம் கொஞ்சமாக் கத்துப்பாங்க."

மேனேஜர் பெருமூச்சு விட்டாள். "பரவால்ல, நான் சொல்லித்தரேன்" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மேடம் எழுதிய மதிப்பீட்டில் இவள் தேறிவிட்டாள். இப்போது ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கிறாள், காலை எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். வேலையிலிருந்து வந்து ஒவ்வொரு குழந்தையாகச் சொல்வாள், நானும் மகனும் கேட்போம். நேற்று வந்த ஒரு குழந்தை ஸ்பூனைப் பிடிக்க மாட்டேன் என்கிறதாம். ஏன் என்று இன்னும் தெரியவில்லை, இன்னும் ரெண்டு நாள் சும்மா பார்க்கணும் என்றாள்.