காற்றுக் காலத்தில் கிளம்பியவர்

காற்றாலை மின்சாரம் இத்தனை மடங்கு பெருகிவிட்டது என்று பத்திரிகையில் படம் போடும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். வெள்ளை வெளேரென்று காற்றாலைகள் வரிசையாக நிற்கும், பின்னால் நீல வானம். மருந்துக்குக்கூட ஒரு மனிதன் இருக்க மாட்டான். நான் அப்படியொரு காற்றாலைக் காட்டில் சில வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். அங்கே ஒரு மெக்கானிக் இருந்தார். ஆள் நெட்டை என்பதால் நாங்கள் வைத்த பெயர் கோபுரம். அவருக்கும் அது பிடித்திருந்தது போல. போனை எடுத்தால் "கோபுரம் பேசுறேன்" என்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இயந்திரங்கள் சின்னவை, ஆட்கள் நிறைய. வரிசைக்கு ஒரு காவலாள், ஷிப்டுக்கு மெக்கானிக்குகள், சமையலுக்குத் தனியாக ஒருவர். மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் ஒரே கொட்டகைக்குள் அடைந்து சீட்டாடுவோம். பிறகு ராட்சச இயந்திரங்கள் வந்தன. எங்கோ ஒரு நகரத்தில் ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பெண் அங்கிருந்தே ஓட்டுவாள், நிறுத்துவாள். மின்சாரம் ஏற ஏற ஆட்கள் குறைந்தார்கள். என்னையும் வேறு ஊருக்குத் தூக்கி அடித்தார்கள். பெரிய வேலை இருந்தால் வெளியிலிருந்து வேனில் ஆள் வரும், முடித்ததும் போய்விடும். குவார்ட்டர்ஸில் மிஞ்சியது கோபுரம் மட்டும். காலிக் கட்டில்களில் துணி காயப்போடுவார். சட்டியிலிருந்தே, நின்றபடியே சாப்பிடுவார். "தட்டு போட்டா எதிர்ல ஒரு ஆள் வேணும்யா" என்று ஒருமுறை போனில் சொன்னார்.

வருடத்தில் சில மாதங்கள்தான் காற்று பேயாட்டம் ஆடும். வருடத்துக்கான மின்சாரத்தில் பெரும்பங்கு அப்போதுதான் எடுப்பார்கள். அந்த மாதங்களில் லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை. காற்று ஓய்ந்தால்தான் கோபுரம் வீட்டுப் பக்கம் தலைகாட்டுவார். மகளின் காய்ச்சல், பள்ளி விழா, பெண் பார்க்க வந்தது என்று எல்லாமே, சொல்லிவைத்தாற்போல் காற்றுக் காலத்தில்தான் வந்து தொலைந்தன. "எனக்குச் சக்களத்தி வேற எவளும் இல்ல, அந்தக் காத்துதான்" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாராம். அந்த அம்மா கண்மூடியதும் காற்றுக் காலத்தில்தான். அப்போது இவர் காற்றாலை உச்சியில் இருந்தார். இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மகள் சண்டை போடவில்லை, கண்ணீரும் விடவில்லை. அதன்பிறகு எதற்கும் அப்பாவைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். "நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலை" என்பார் கோபுரம்.

போன வருடம், காற்று உச்சத்தில் இருந்த ஒரு காலையில், ஓர் இயந்திரத்தின் அடிவாரப் பெட்டியைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மருமகன் கூப்பிட்டார்.

"மாமா, அவளுக்கு நாள் இருக்கும்போதே வலி எடுத்துடுச்சு. ரத்தம் நிறைய போயிருக்கு, உடனே ஆபரேஷன்ங்கிறாங்க. உங்களுக்குச் சொல்ல வேணாம்னுதான் சொன்னா. எனக்குத்தான் மனசு கேக்கல."

கோபுரம் பெட்டியைச் சாத்தினார். ரோட்டுக்கு ஓடினார். வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இந்த வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. இயந்திரத்தில் கைவைக்கும் முன் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டுத் தொங்கினால் உள்ளே ஒருத்தன் கை கம்பியில் இருக்கிறது என்று அர்த்தம். போட்டவரைத் தவிர முதலாளியே வந்தாலும் அதைத் தொடக் கூடாது. பூட்டை மறந்துவிட்டுப் போனவனுக்கு மன்னிப்பு கிடையாது. வேலையும் போகும், அறையும் போகும். அந்த இரண்டைத் தவிர கோபுரத்துக்குச் சொந்தம் என்று வேறென்ன இருந்தது?

பஸ் பாதி தூரம் போயிருந்தது. கண்ட்ரோல் ரூம் பெண் கூப்பிட்டாள். அவள் முகத்தை இவர் பார்த்ததே இல்லை.

"அண்ணே, இன்னும் உள்ளேயா இருக்கீங்க? ரொம்ப நேரமா மெஷின் நிக்குது. பயந்துட்டேன்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பூட்டின் சாவி உள்ளே இருந்தது. உள்ளதைச் சொன்னார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பிடுங்கண்ணே. வந்து நீங்களே திறந்துடுங்க. மெஷின்ல கோளாறுன்னு நான் சமாளிச்சுக்கிறேன். யாருக்கும் தெரியாது."

பஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். கோபுரமும் எழுந்து நின்றுவிட்டாராம். கால் படிவரைக்கும் போனதாம். அதை என்னிடம் சொல்லும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இறங்கப் போறீங்களா இல்லையா?" என்று கண்டக்டர் அதட்டினார்.

"இல்ல" என்றார் கோபுரம். பிறகு போனில், "நான் வெளியிலதான் இருக்கேன். உள்ள யாரும் இல்ல. பூட்ட வெட்டச் சொல்லிடும்மா."

"வெட்டினா உங்க பேரை எழுதியாகணும்ணே."

"எழுதும்மா."

போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். மகள் வெளுத்துப்போய்க் கிடந்தாள். இவர் கட்டில் ஓரமாக நின்றார். உட்காரச் சொல்ல யாரும் இல்லை. உட்கார இவருக்கும் தைரியம் இல்லை. வெகுநேரம் கழித்து அவள் கண் திறந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. தான் எத்தனை மாதம் மயக்கத்தில் கிடந்தோம் என்று நினைத்தாளோ என்னவோ.

"காத்து நின்னுடுச்சாப்பா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நல்லா அடிக்குது."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, அம்மா போன அன்றைக்குக்கூட அவர் முன்னால் அழாத பெண், வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.