த்ரீ பேஸ் வந்த நேரத்தில் ஒரு ஏரோப்ளான்

சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் குழந்தைவேலுக்குப் பெயரே கம்ப்யூட்டர் என்றுதான். "கம்ப்யூட்டர் வந்துட்டாருங்களா?" என்று டிரைவர்கள் கேட்பார்கள். காலேஜ் முடித்த கையோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், அறுபதை எட்டிப் பிடிக்கும் வயதிலும் அதிலேதான் உட்கார்ந்திருந்தார். நாற்காலியை மாற்றினார்கள், மெஷினை மாற்றினார்கள், அவரை மாற்றவில்லை. சரக்கு, வண்டி நம்பர், போகும் ஊர் என்று நாள் முழுக்க அடிக்க வேண்டும். அடித்து முடித்தால் அடுத்த வண்டி வந்து நிற்கும். மனிதர் களைத்துப் போயிருந்தார். காலையில் பஸ் ஏறும்போதே "ஆயிப்போச்சு" என்பார். என்ன ஆயிப்போச்சு என்று கேட்டால் ஜன்னலோர சீட்டைத் தேடிப் போய்விடுவார்.

சர்க்கரை முதலில் காலைப் பிடித்தது, பிறகு கண்ணுக்கு ஏறியது. எதைப் பார்த்தாலும் நடுவில் எண்ணெய்ப் பிசுக்கு தடவியதுபோல மங்கியது. மூன்று எட்டாகத் தெரிந்தது, எட்டு ஒன்றுமே இல்லாமல் தெரிந்தது. ஒரு நாள், சரக்கோடு போக வேண்டிய ஈ-வே பில் என்ற வரிச் சீட்டில் வண்டி நம்பரைத் தப்பாக அடித்துவிட்டார். லாரி மாநில எல்லையில் பகல் முழுக்க நின்றது. டிரைவர் போனில் பேசிய பேச்சை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளி நல்ல மனிதர், கோபப்படவில்லை. "கொஞ்ச நாளு ஊட்ல இருங்கண்ணா, கண்ணப் பாருங்க" என்றார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று குழந்தைவேலுக்குத் தோன்றியது.

சேலத்தில் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த இருப்பது எவ்வளவு என்று டாக்டரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. தோட்டத்து வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். மனைவி கலைமணி தனியாகவே குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் கட்டினாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அறிவுமதி சனிக்கிழமை வந்தாள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைக் கண்டதும் லேப்டாப்பை எடுத்து வந்து விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். சின்ன வயதிலிருந்து அப்பாவின் ஏரோப்ளான் கதையைக் கேட்டுக் காது புளித்தவள் அவள். புது விளையாட்டில் மேகம் இருந்தது, ஆறு இருந்தது, ஆற்றில் வெயில்கூடப் பளபளத்தது. குழந்தைவேலுக்கு அத்தனையும் ஒரே சேறாகக் கலங்கித் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணுந் தெரியல சாமி. மூடி வெச்சுரு."

சொல்லிவிட்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பினார். டாக்டரிடம் கேட்காத கேள்விக்கு இப்படிப் பதில் வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ஏரோப்ளான் கதை இதுதான். அவர் காலேஜில் படித்தபோது, ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போன தாய்மாமன் பம்பாயிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைப் பழையதாக வாங்கி வந்தார். பார்த்தால் ரப்பர் பொத்தான் வைத்த பலகை, அவ்வளவுதான். அதைக் கறுப்பு வெள்ளை டிவியில் மாட்ட வேண்டும், டேப் ரெக்கார்டரையும் கூட இணைக்க வேண்டும். விமானம் கேசட்டில் இருந்தது. கேசட்டை ஓடவிட்டால் கீச்சு மூச்சென்று காதைப் பிய்க்கிற சத்தம். கட்டுத்தறியில் எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். ஒரு டீ குடித்து வரும் நேரம் அந்தக் கத்தல் கத்தி, கடைசியில் டிவியில் ஒரு கோடு வரும். கோட்டுக்கு மேலே வானம், கீழே பூமி. இரண்டு கோடு சேர்ந்து வந்தால் ஓடுதளம். அதற்கே பையன் உலகத்தை ஜெயித்த மாதிரி நிமிர்ந்து உட்காருவான்.

ஏற்றத் தெரிந்தது, பறக்கத் தெரிந்தது. இறக்கத்தான் முடியவில்லை. தப்பு அவருடையது இல்லை, மின்சாரத்துடையது. கிணற்று மோட்டார் ஓட வேண்டிய த்ரீ பேஸ் மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். வந்தவுடன் சுற்று வட்டாரத்தில் எல்லாத் தோட்டத்திலும் மோட்டாரைப் போடுவார்கள். அக்கம்பக்கத்தார் போட்டால் டிவி மினுக்கிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். தன் அய்யன், அதாவது அப்பா, போட்டால் படம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஓடுதளம் கண்ணுக்குத் தெரிகிற நேரமாகப் பார்த்துத்தான் அய்யன் ஸ்டார்ட்டரை அமுக்குவார். மறுபடியும் கேசட், மறுபடியும் கீச்சு மூச்சு.

"ஒரு அஞ்சு நிமிசம் பொறுங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறார்.

"உன்ற ஏரோப்ளான் எறங்கறவரைக்கும் மஞ்சக்காடு காயோணுமா?" என்பார் அய்யன்.

அவர் சொன்னதும் நியாயம்தான். நியாயம் என்று தெரிந்ததால் சண்டை போடவும் முடியவில்லை. ரப்பர் பொத்தான்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. பிறகு வேலை, கல்யாணம், அய்யனின் சாவு. அந்த விமானம் ஒரு தடவைகூடத் தரை தொடவில்லை.

ஞாயிறு காலையில் அறிவுமதி லேப்டாப்பை மறுபடியும் கொண்டு வந்து கட்டிலில் வைத்தாள். "இது பழசுங்கப்பா. உங்களுதேதான். யாரோ எடுத்து நெட்டுல போட்டிருக்காங்க."

வேண்டாவெறுப்பாகத் திரும்பினார். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு. தடித்த கோடு. நடுவில் பிசுக்கு மறைத்தாலும் இரண்டு ஓரத்திலும் பளிச்சென்று நின்றது. எழுந்து உட்கார்ந்தார்.

"தெரீதுங்களா?"

"தெரீது சாமி."

லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டார். மகள் குளிக்கப் போனாள்.

விரல்களுக்கு இன்னும் வழி மறக்கவில்லை. ஏறினார், திரும்பினார், வட்டமடித்தார். நேராகப் பார்த்தால் மங்குகிறது என்று தலையைக் கோழி மாதிரிச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். தூரத்தில் ஒரு புள்ளி இரண்டு கோடாகப் பிரிந்தது. ஓடுதளம். அந்த நேரம் பார்த்து மேற்கே பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் உறுமியது. தெற்கே இன்னொன்று. த்ரீ பேஸ் வந்துவிட்டது.

லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது என்று ஆயிரம் பில் அடித்தவருக்குத் தெரியாதா? இருந்தும், இப்போது நம் மோட்டார் ஓடும், இப்போது படம் சுருங்கும் என்று உடம்பு பழைய பயத்தோடு காத்திருந்தது. நம் மோட்டார் ஓடவில்லை. கோடுகள் அகன்று வந்தன. விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் தூக்கினார், வேகத்தைக் குறைத்தார். திரை ஒருமுறை குலுங்கியது. பிறகு எதுவும் அசையவில்லை. விமானம் தரையில் நின்றது.

நாற்பது வருஷத்துக் காரியம் முடிந்தபோது லேப்டாப்பில் ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் உறைத்தது, நம் குழாயில் தண்ணீர் சத்தமும் இல்லையே என்று. மோட்டார் எரிந்து போய்விட்டதோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனார். கலைமணி ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே, மண்வெட்டியை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கலை, மோட்டரு ஓடுலியா?"

"நாந்தானுங்க போடுல."

"கரண்டு வந்து எந்நேரமாச்சு. காடு காயுதே."

"மோட்டரப் போட்டா ஏரோப்ளான் உளுந்துருமுன்னு நீங்கதான சொல்லுவீங்க. ரொம்ப நாளைக்கு அப்பறம் எந்திருச்சு உக்காந்தீங்க. அதான் பாத்துட்டு இருந்தன்." முகத்தை முந்தானையால் துடைத்தாள். "எறங்கீருச்சுங்களா?"

பேட்டரியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கதையை அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். கேட்கவே இல்லை என்று அவர் நினைத்திருந்தார்.

"எறங்கீருச்சு."

கலைமணி எழுந்து பச்சைப் பொத்தானை அமுக்கினாள். மோட்டார் கனைத்தது, குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டாள்.

"நாளைக்கும் ஓட்டறதுன்னா சொல்லீருங்க. நான் பொறவு போட்டுக்கறன்."

"வேண்டாம் கலை. நாளைக்குக் கரண்டு வந்ததுமே போட்டுக்க" என்றார் குழந்தைவேல். "இன்னைக்குக் கொறைஞ்ச தண்ணிக்கு நானும் வாரன். மடை எங்கிருக்குதுன்னு மட்டும் காட்டு, நான் திருப்பி உடறன்."

அவள் கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்தார்.