பேனரைத் தூக்கிவிட்டவர்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அன்று காலை ஒன்றரை மணி நேரம் பைக்கோடு நின்றேன். எண்ணெய் ஆலை விரிவாக்கத்துக்காக மூன்று பேருந்து நீளத்தில் ஓர் இரும்பு உருளை, துறைமுகத்திலிருந்து இழுவை வண்டியில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. விரிவாக்கமே வேண்டாம் என்று தெருத்தெருவாகக் கத்திய எனக்கு இதற்கு வழிவிட்டு நிற்க வேண்டிய தலையெழுத்து!

உருளையின் மேல் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, தலையில் துண்டு, கையில் நீளக் கம்பு. குறுக்கே வரும் கேபிள் ஒயர்களைக் கம்பால் தூக்கிப் பிடித்து, வண்டி கடந்ததும் மெல்ல இறக்குவார். அவை ஆடி அடங்கும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்.

அடுத்து வந்தது எங்கள் போராட்டக் குழு சாலைக்குக் குறுக்கே கட்டிய துணி பேனர்: 'ஆலையை விரிவாக்காதே!' கிழியட்டும், மறியல் செய்துவிடலாம் என்று காத்திருந்தேன். அந்த மனிதர் ஒரு நூல்கூடப் பிரியாமல் தூக்கிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், அதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சியா?"

"படிச்சேன் சார். எம் வூடும் ஆலை பின்னாலதான் கீது. நாத்தம் தாங்கல" என்றார். "ஆனா தாழக் கட்டிக்கிறீங்க. அடுத்த வாரம் இத்தவிட ஒசரமா ஒண்ணு வருது. ரெண்டடி ஏத்திக் கட்டுங்க, இல்லாங்காட்டி கிழிஞ்சிடும்."

புத்தி சொல்ல வந்துவிட்டார் என்று வீடுவரை திட்டிக்கொண்டே போனேன்.

மறுநாள் இரண்டடி ஏற்றிக் கட்டினோம். ஏணியைப் பிடித்துக்கொண்டவன் நான்தான்.